வாவியின் இரு கரைகளும் ஒரு கதையும்: மட்டக்களப்பில் உருவான திறந்த உலக விளையாட்டொன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

மட்டக்களப்பு நகரில் நால்வர் கொண்ட சிறு குழு ஒன்று, வாவியையும் அதன் இரு கரைகளையும் களமாகக் கொண்ட, விரும்பிய திசையில் அலையவிடும் திறந்த உலகப் பாத்திரமேற்புக் கணினி விளையாட்டு ஒன்றைத் தமிழில் உருவாக்க முற்பட்டது. நிரல் எழுதிய இளைஞர், ஓவியம் வரைந்த பெண், ஒலிப்பதிவைக் கவனித்த இன்னோர் இளைஞர், கதையும் உரையாடலும் எழுதிய ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை ஆகியோரே அந்நால்வர். கதைப் பிரதியைச் செம்மைப்படுத்தவும், வெளியாரைக் கொண்டு விளையாட்டைச் சோதிக்கும்போது உடனிருந்து குறிப்பெடுக்கவும் அவர்கள் என்னை அழைத்திருந்தனர். குழுவினரின் ஒப்புதலுடன், பெயர்களையும் அடையாளங்களையும் தவிர்த்து இதை எழுதுகிறேன். கதை சொல்ல விரும்பும் பிற குழுக்களுக்கு இது பயன்படும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கிறது. அதன் கிழக்கே, கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட நிலம் எழுவான்கரை. மேற்கே, வயலும் குளமும் காடும் சேர்ந்த நிலம் படுவான்கரை. ஒரு கரையில் நின்றால் மறுகரை கண்ணுக்குத் தெரியும். ஆனால் அங்கே போய்ச் சேர, ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடக்கும் பாதைப் படகோ தோணியோ நெடிய சுற்றுவழியோ வேண்டும். அம்பிளாந்துறை – குருக்கள்மடம், மண்டூர் – குருமண்வெளி ஆகிய துறைகளின் பாதைப் படகுகளை அறியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. மண்முனையிலும் 2014 இல் பாலம் திறக்கப்படும்வரை அதுவே நிலை. கண்ணுக்குத் தெரிகிற, ஆனால் உடனே சென்றுவிட முடியாத இடம் என்பது திறந்த உலக விளையாட்டின் உயிர்நாடி. அதை இந்த நிலம் இயல்பாகவே வைத்திருக்கிறது என்பதைக் குழு தொடக்கத்திலேயே சரியாகக் கண்டுகொண்டது.

கதையின் காலமாக 1978 நவம்பர் 23 இரவு வீசிய சூறாவளி தேர்ந்தெடுக்கப்பட்டது. தம் வயதையும் பிள்ளைகளின் வயதையும் “சூறாவளி அடிச்ச வருஷம்” என்பதிலிருந்து கணக்கிடும் முதியவர்கள் இன்றும் இங்கே இருக்கிறார்கள். விளையாட்டின் முதற்பதிப்பு, சூறாவளிக்கு மறுநாட் காலையில் தொடங்கியது. எழுவான்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த பதினேழு வயதுப் பெண்ணே ஆட்டக்காரர் ஏற்கும் பாத்திரம். முந்தைய மாலையில் மறுகரைக்குப் புறப்பட்ட தம்பி திரும்பவில்லை. தந்தை காய்ச்சலில் கிடக்கிறார். தம்பியை உடனே தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

நிரலாளர் ஸ்கைரிம் (2011), தி விட்சர் 3 (2015) ஆகிய திறந்த உலக விளையாட்டுகளில் நீண்ட காலம் ஊறியவர். கண்ணுக்குத் தெரிகிற இடமெல்லாம் காலால் போகக்கூடிய இடமாக இருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஆசிரியைக்கோ, படிப்பவர் கீழே வைக்க முடியாத கதையாக அது இருக்க வேண்டும் என்ற ஆசை. இரண்டும் நியாயமானவை. முதற்பதிப்பு இவ்விரண்டையும் பாதிப்பாதியாகப் பங்கிட்டுக்கொண்டது: எங்கும் போகலாம் என்ற வரைபடம் ஒருபுறம், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து முடிக்க வேண்டிய பணிகளின் சங்கிலியும் அவற்றை நோக்கி வழிகாட்டும் அம்புக்குறியும் மறுபுறம்.

முதற் சோதனையில் கண்டவை

சோதனைக்கு வந்தவர்கள் பலதரப்பட்டவர்கள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருந்த மாணவர்கள், வாவியோரக் கிராமத்து மீனவ இளைஞர் ஒருவர், அதுவரை எந்தக் கேமும் விளையாடியிராத இல்லத்தரசி ஒருவர், ஓய்வுபெற்ற அரச ஊழியர் ஒருவர் ஆகியோர் அவர்களில் அடங்குவர். நாங்கள் பின்னால் அமர்ந்து, கேட்டாலொழியப் பேசுவதில்லை என்று முடிவு செய்திருந்தோம்.

கேம் பழக்கமுள்ள மாணவர்கள் ஏறத்தாழ அனைவரும் அம்புக்குறியிலேயே கண்ணை வைத்திருந்தனர். ஓவியர் மிகுந்த உழைப்பில் வரைந்திருந்த கோயில் வீதியை ஒரு மாணவர் ஒரே ஓட்டமாகக் கடந்தார். சரிந்த பந்தலின் கீழே அமர்ந்திருந்த மூதாட்டி, “புள்ள, உன்ர தம்பிய நான் கண்டனான்” என்று கூப்பிட்டது திரையில் எழுந்து மறைந்தது, அவர் நிற்கவில்லை. வழியில் என்ன கண்டீர்கள் என்று பின்னர் கேட்டபோது, “அம்பு காட்டின பக்கம் போனன், சேர். வேற ஒண்டும் கவனிக்கல்ல” என்றார். தேடிய தம்பியைப் பற்றிய முதற் செய்தியே அவரைக் கூப்பிட்டது. தேடுவதில் மும்முரமாக இருந்ததால் அதை அவர் கேட்கவில்லை.

மீனவ இளைஞர் நேர்மாறு. தோணி கிடைத்ததும் வாவிக்குள் இறங்கினார், வலை வீசினார், இறாலைக் கரையில் விற்றார், மறுபடியும் இறங்கினார். விளையாட்டுக்குள் பல நாட்கள் கழிந்தன. முகத்தில் நிறைந்த மகிழ்ச்சி. தம்பியைத் தேடவில்லையா என்று இடையில் கேட்டபோது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “அவன் எங்க போகப்போறான்? நான் போறவரைக்கும் கேம் காத்துக்கிட்டு இரிக்கும்தானே.”

அன்றைய நாளில் எனக்குக் கிடைத்த மிக முக்கியமான குறிப்பு இதுதான். கதை அவசரம் என்கிறது. உலகமோ அவசரமில்லை என்கிறது. பழகிய ஆட்டக்காரர் உலகத்தைத்தான் நம்புவார், ஏனென்றால் உலகமே விதிகளின்படி நடப்பது. கதையின் பேச்சை நம்பியவர் இல்லத்தரசி ஒருவர் மட்டுமே. அவர் தம்பியை எண்ணிப் பதறி, யாருடைய பேச்சையும் முழுதாக வாசிக்காமல், எதையும் நின்று பார்க்காமல் ஓடினார். எவ்வளவு தாமதித்தாலும் தம்பிக்கு எதுவும் ஆகாது என்பது முடிவில் தெரியவந்தபோது, “அப்போ நான் ஏன் ஓடினன்?” என்று கேட்டார். அது குற்றச்சாட்டு, குழுவில் எவராலும் அதற்கு மறுமொழி சொல்ல முடியவில்லை.

வேறொரு குறையும் வெளிப்பட்டது. ஓய்வுபெற்ற ஊழியர் அம்புக்குறியைப் பொருட்படுத்தாமல் கரையோரமாக நடந்து, கண்டல் மரங்களுக்கிடையே ஒரு மீன்வாடியைக் கண்டு உள்ளே போனார். அங்கே தம்பியின் புத்தகப் பை கிடந்தது. எடுத்தார். கதாநாயகி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பை, கயிற்றுக்கும் தேங்காய்க்கும் நடுவில், பொருட் பட்டியலில் ஒரு கட்டமாகப் போய் அமர்ந்தது. பின்னர் அவர் வீடு திரும்பியபோது தாய்ப் பாத்திரம், “அவன்ட பை எங்கயாவது கிடக்குதா எண்டு பாரு, மனே” என்று அழுதது. பையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தாயிடம் காட்ட வழியில்லாமல் அவர் நின்றார். சங்கிலியின் ஐந்தாவது கண்ணியில் கிடைக்க வேண்டிய பொருள் முதலிலேயே கிடைத்ததுதான் காரணம். சுதந்திரத்தைப் பயன்படுத்தியவரையே விளையாட்டு ஊமையாக்கியது.

நுட்பக் குறை ஒன்றையும் பதிவு செய்கிறேன். உரையாடல் பெட்டியில் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தோன்றும்படி குழு பயன்படுத்திய மென்பொருள் அமைந்திருந்தது. அது உயிர்மெய்யை ஒரே எழுத்தாகக் கொள்ளாமல், மெய்யுருவையும் உயிர்க்குறியையும் தனித்தனியாக வரைந்ததால், ‘கொ’, ‘தோ’ போன்றவை சிதறிப் பின் கூடின. நிரலாளர் சொல் சொல்லாகத் தோன்றும்படி மாற்றியதும் அது தீர்ந்தது. தமிழில் விளையாட்டு செய்பவர்கள் இதை முதல் வாரத்திலேயே பார்த்துவிடுவது நல்லது.

காரணத்தைத் தேடியது

அவசரக் கதையையும் அலையும் சுதந்திரத்தையும் ஒன்றாக வைத்த பெரிய விளையாட்டுகள் பல உண்டு என்பதால், குழு முதலில் அவற்றைப் பரிசீலித்தது. ஸ்கைரிமில் உலகை அழிக்க வந்த டிராகன் எப்போதும் காத்திருக்கிறது. ஃபால்அவுட் 4 (2015) இல் கடத்தப்பட்ட கைக்குழந்தையைத் தேடும் பெற்றோர், வழியில் குடியிருப்புகளைக் கட்டி வளர்த்துக்கொண்டிருக்கலாம். இம்முரண்பாட்டை அவை தீர்க்கவில்லை; பரப்பினாலும் குரல் நடிப்பினாலும் எண்ணற்ற துணைக்கதைகளினாலும் மறக்கச் செய்கின்றன. நால்வர் கொண்ட குழுவுக்கு அந்த வசதி கிடையாது.

மாறாக, ஃபால்அவுட் நியூ வேகாஸ் (2010) எங்களுக்கு நல்ல பாடமாக அமைந்தது. தன்னைச் சுட்டுவிட்டுப் பொதியைப் பறித்துச் சென்றவனைத் தேடும் தூதுவனின் கதை அது. காயம் ஆறி எழுந்தவனுக்குக் கடிகாரம் ஓடவில்லை. போகுமிடமெல்லாம் விசாரிப்பதே அவனுடைய வேலை. வேகாஸ் நகரத்துக்குப் போக வடக்கே நேர்வழி இருக்கிறது; அதில் கொடிய மிருகங்கள் இருக்கின்றன. போகக்கூடாது என்று விளையாட்டு தடுப்பதில்லை. போய்ப் பார்த்தவர் தானாகத் திரும்பி, தெற்கே ஊர் ஊராகச் சுற்றிப் போகிறார். அந்த ஊர்களில்தான் கதை இருக்கிறது. அங்கே அலைவதும் விசாரிப்பதும் ஒரே செயல்.

குழு மூன்று வழிகளைப் பரிசீலித்தது. முதலாவது, உண்மையான காலக்கெடு வைப்பது. 1997 இல் வெளிவந்த முதல் ஃபால்அவுட்டில் நிலவறைக் குடியிருப்பின் நீர் சுத்திகரிப்புக்கு வேண்டிய தண்ணீர்ச் சில்லைக் கொண்டுவர 150 நாட்கள் கெடு உண்டு. அது கதையை நேர்மையாக்கும். ஆனால் வாவியை நின்று பார்ப்பவரைத் தண்டிக்கும். வாவியைப் பார்க்கச் செய்வதற்கே தொடங்கிய விளையாட்டு அது. இரண்டாவது, வரைபடத்தை மூடி, கதை முன்னேற முன்னேறத் திறப்பது. ஆசிரியை இதை விரும்பினார். “டீச்சர், அப்படிச் செய்தா அது நீங்க எழுதின புத்தகம்தான், ஆக்கள் பக்கத்தைப் புரட்டுறாங்க, அவ்வளவுதான்” என்றார் நிரலாளர். அவர் மரியாதை குறையாமல் சொன்னாலும், அந்தக் கூட்டம் அத்துடன் நின்றுபோனது.

மூன்றாவது வழியை அடுத்த சந்திப்பில் ஆசிரியையே கொண்டுவந்தார்: உலகத்தை விட்டுவிட்டு, கதையை மாற்றுவது. தாம் எழுதி முடித்த பிரதியைத் தாமே ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருந்தார். இந்த முழு முயற்சியிலும் நான் மிகவும் மதிக்கும் செயல் அது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

புதிய கதை சூறாவளிக்குப் பிந்தைய தை மாதத்தில், 1979 இல் தொடங்குகிறது. தம்பி இறந்துவிட்டான் என்பது ஊருக்கும் அக்காவுக்கும் தெரியும். அவனைக் காப்பாற்றும் அவசரம் இல்லை. சூறாவளி மாலையில் அவன், கூத்துப் பழக்கும் அண்ணாவியாரின் கூத்து ஏட்டை மறுகரைக்கு எடுத்துச் சென்றுகொண்டிருந்தான். கயிறு அறுந்து ஓலைகள் இரு கரைகளிலும் சிதறிவிட்டன. காகிதக் கொப்பியாக இருந்தால் மழையில் கரைந்திருக்கும் என்பதால் ஓலைச்சுவடியாக வைத்தவரும் ஆசிரியையே. ஒவ்வோர் ஓலையும் ஒவ்வொருவரிடம், ஒவ்வொரு காரணத்தால் இருக்கிறது: ஒருவர் சாமி அறையில் வைத்திருக்கிறார், ஒருவர் கூரை ஓட்டைக்குள் செருகியிருக்கிறார், ஒருவருக்கு அது என்னவென்றே தெரியாது. ஓலையை வைத்திருப்பவர்களில் பலர் அந்த மாலையில் தம்பியைக் கண்டவர்கள். ஓலை சேரச் சேரக் கூத்தும் கூடுகிறது, தம்பியின் கடைசி மாலையும் கூடுகிறது. எந்த ஒழுங்கில் சேர்ந்தாலும் கதை குலைவதில்லை, ஏனென்றால் அது ஏற்கெனவே நடந்து முடிந்தது. அலைவதே இப்போது அக்காவின் துக்கம்; வேறு வேலை அவளுக்கில்லை. வலை வீசிக்கொண்டிருந்தாலும் அது பொய்யாகாது.

காலம், சேர்ந்த ஓலைகளின் தொகையைப் பொறுத்து நகரும்படி அமைக்கப்பட்டது. தையில் முகத்துவாரம் திறந்து, வெள்ளம் வடிந்துகொண்டிருக்கும். சில துறைகளுக்குத் தோணியிலேயே போக முடியும். பங்குனி, சித்திரையில் நீர் வற்றி மணல்திட்டுகள் வெளிப்படும்; முன்பு தோணியில் கடந்த இடத்தை நடந்து கடக்கலாம். வைகாசியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசத் தொடங்கும். அப்போது மேற்கு நோக்கிச் சிறு தோணியைச் செலுத்துவது கடினம், அதிகாலையில் புறப்பட்டால் முடியும். பூட்டிய கதவோ ‘இங்கே இப்போது செல்ல முடியாது’ என்ற அறிவிப்போ எங்கும் இல்லை. நீரும் காற்றும் தடுக்கின்றன, வழியும் விடுகின்றன.

அடுத்தது அம்புக்குறி. மொரோவிண்ட் (2002) விளையாட்டில் மனிதர்கள் வாயால் வழி சொல்வார்கள், அது குறிப்பேட்டில் பதிவாகும். அதே தொடரின் ஒப்லிவியனில் (2006) திசைகாட்டியில் குறி வந்துவிட்டது. குழு முந்தைய முறைக்குப் போனது. ஊர்ப் பாத்திரங்கள், பெரிய வயற்காரரான போடியாரின் வாடிக்கு, இப்படி வழி சொல்கின்றன: “மனே, இந்தக் கரையால நேர போ. ரெண்டு தென்னை தலையில்லாம நிக்கும். அதுக்கங்கால வாய்க்கால். வாய்க்காலப் புடிச்சிப் போனா போடியார்ட வாடி வரும். மறுகா அங்க கேளு.” இவ்வாறு வழி சொல்ல வேண்டுமென்றால், சொல்லப்படும் தென்னை உண்மையில் அங்கே நிற்க வேண்டும். ஓவியரும் ஆசிரியையும் முதன்முறையாக ஒரே மேசையில் அமர்ந்து வேலை செய்யத் தொடங்கியது இதன் பிறகுதான்.

இவ்விடத்தில் எங்கள் நிலம் ஒரு சிக்கலைத் தந்தது. பிரெத் ஒஃப் த வைல்ட் (2017) விளையாட்டை உருவாக்கியவர்கள், மலைகளையும் மேடுகளையும் முக்கோண வடிவில் அடுக்கி, பின்னால் இருப்பதை மறைத்தும் மெல்லக் காட்டியும் ஆட்டக்காரரின் கண்ணை இழுத்ததாக அந்த ஆண்டே ஜப்பானிய உருவாக்குநர் மாநாடொன்றில் விளக்கியிருக்கிறார்கள். மட்டக்களப்பு தட்டை நிலம். தொலைவில் குடும்பிமலையை ஒரு திசையடையாளமாக வைக்கலாம். அதற்கு மேல் உயரம் இல்லை. சூறாவளி தென்னைகளையும் முறித்துவிட்டது. எதைக் காட்டி இழுப்பது?

மறுமொழி ஒலிப்பதிவு செய்த இளைஞரிடமிருந்து வந்தது. நீரின் மேல் இரவில் ஒலி வெகுதூரம் போகும். பாடும் மீன்களைக் கேட்க நிலவிரவில் கல்லடிப் பக்கம் தோணியில் போய்த் துடுப்பைக் காதில் வைக்கும் ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே இரவில் மறுகரையில் கூத்துப் பழக்கத்தின் மத்தளம் கேட்கும். விடியலில் கோயில் மணி கேட்கும். பகலில் அடுப்புப் புகையும் கொக்குக் கூட்டமும் தெரியும். தோணியைத் திருப்பத் திருப்ப ஒலி இடச்செவிக்கும் வலச்செவிக்கும் மாறும். கண்ணுக்கு மலை செய்த வேலையை இங்கே காதுக்கு மத்தளம் செய்தது.

உரையாடல்களின் ஒழுங்குச் சிக்கலுக்கு நிரலாளர் பணிச் சங்கிலியை முற்றாகக் கழற்றிவிட்டார். கதாநாயகிக்கு என்னென்ன தெரியும், யாரைக் கண்டாள், கையில் என்ன இருக்கிறது என்பவை மட்டும் பதிவாகும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் பல வசனங்கள் எழுதப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் நிபந்தனைகள் இணைக்கப்படும். பொருந்துபவற்றுள் அதிக நிபந்தனைகள் கொண்ட வசனம் பேசப்படும். இது புதிதன்று. வால்வ் என்ற விளையாட்டு நிறுவனத்தைச் சேர்ந்த எலன் ரஸ்கின் 2012 இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் இம்முறையை விரிவாக விளக்கினார். இதன்படி, பை முன்னரே கிடைத்திருந்தால் தாய் அதைத் தேடச் சொல்வதில்லை. அக்காவின் தோளைப் பார்த்துவிட்டு, “அது அவன்ட பை” என்று மட்டும் சொல்கிறாள். தி விட்சர் 3 இல், முதன்மைக் கதை அனுப்பும் முன்பே ஒருவர் குன்றடியில் சிறைப்பட்ட ஆவியிடம் தற்செயலாகப் போய்ச் சேர முடியும். அங்கே அவர் எடுக்கும் முடிவு பின்னர் பாரன் (Baron) என்ற பிரபுவின் குடும்பத்தைத் தொடும். முந்தி வந்தவரைத் திருப்பி அனுப்பாமல் வரவேற்பது எப்படி என்பதற்கு நிரலாளர் அடிக்கடி காட்டிய உதாரணம் அது.

வசனங்களை எப்படித் தொடங்குவது என்பதற்குக் கூத்தே வழிகாட்டியது. கூத்து ஆடும் களரிக்குள் ஒரு பாத்திரம் நுழையும்போது அதற்குரிய வரவு பாடப்படும். வந்தவர் யார், எந்த நாட்டவர், எத்தகையவர் என்பது சபைக்குத் தெரிந்துவிடும். விடிய விடிய நடக்கும் கூத்தில் தேநீர் குடிக்கப் போனவரும் கண்ணயர்ந்தவரும் திரும்பி வந்து கதையில் சேர்ந்துகொள்ள இது உதவுகிறது. திறந்த உலகில் ஆட்டக்காரர் எந்தப் பாத்திரத்தை எப்போது சந்திப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே ஒவ்வொரு பாத்திரத்தின் முதற் பேச்சும், தான் யார், சூறாவளியில் எதை இழந்தேன், தம்பியை எப்படி அறிவேன் என்ற மூன்றையும் தாங்க வேண்டும் என்று ஆசிரியை விதி வகுத்தார்.

தம்பிக்கு நேர்ந்த முடிவை ஆட்டக்காரர் அறியாமலே போகலாமா என்பதில் கருத்து வேறுபாடு நீடித்தது. போகலாம், அதுவும் சுதந்திரமே என்றார் நிரலாளர். “தம்பி, அக்காக்காரி அதை அறியாமப் போனா அந்தப் பிள்ளைக்கு நான் என்ன பதில் சொல்றது?” என்று கேட்டார் ஆசிரியை. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் பாத்திரமேற்பு விளையாட்டுகளுக்காக ஜஸ்டின் அலெக்சாண்டர் எழுதிய மூன்று தடய விதி இதைத் தீர்த்துவைத்தது. ஆட்டக்காரர் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயங்கள் வேண்டும் என்பது அது. தம்பியின் முடிவு, பாதைப் படகுக்காரரின் பேச்சிலும், ஓர் ஓலையின் பின்புறத்தில் கீறப்பட்ட கோட்டிலும், படுவான்கரைச் சிறுமி பாடும் பாட்டிலுமாக மூன்று இடங்களில் வைக்கப்பட்டது.

வரைபடம் சுருக்கப்பட்டது. மொரோவிண்ட் தொடரிலேயே முன்னர் வந்த டாகர்ஃபால் (1996) பெரிய பிரித்தானியாவின் பரப்போடு ஒப்பிடப்பட்ட உலகத்தைக் கணினியால் உருவாக்கியது. அடுத்து வந்த மொரோவிண்ட் ஒரே தீவைக் கையால் செய்தது. இன்றும் மக்கள் வழி நினைவு வைத்திருப்பது அந்தத் தீவில். வாவி முழுவதையும் செய்யும் எண்ணத்தைக் குழு கைவிட்டு, நடுப்பகுதியில் சில துறைகளையும் ஊர்களையும் மட்டும் வைத்துக்கொண்டது.

இரண்டாம் சோதனையும் விளைவுகளும்

முந்தையவர்களில் சிலரும் புதியவர்கள் சிலரும் வந்தனர். முதல் மாற்றம் அறைக்குள்ளேயே தெரிந்தது: பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேசத் தொடங்கினர். “அங்கால திருப்பு, மத்தளம் கேக்குது” என்று ஒருவர் மற்றவருக்குச் சொன்னார். வழி சொல்லும் பேச்சைச் சிலர் தாளில் எழுதி வைத்துக்கொண்டனர். முன்பு ஓடியே கடந்த மாணவர், இம்முறை தலையில்லாத தென்னைகளின் கீழே நின்று, அவை இரண்டா மூன்றா என்று எண்ணினார்.

இல்லத்தரசியின் விளையாட்டு என்னைப் பெரிதும் தொட்டது. அவர் ஒரே ஒரு கிராமத்திலேயே தங்கி, வீடு வீடாகப் போய், ஒவ்வொருவரின் சூறாவளிக் கதையையும் முழுதாகக் கேட்டார். சேர்ந்த ஓலைகள் சில மட்டுமே. பின் அண்ணாவியாரிடம் போய், கோயில் சடங்குக்குக் கூத்தை வைக்கலாம் என்றார். விளையாட்டு அதை மறுப்பதில்லை. எத்தனை ஓலைகளோடும் கூத்து மேடையேறும். ஓலை இல்லாத இடங்களில் மத்தளம் மட்டும் ஒலிக்க, கூத்தாடுபவர்கள் களரியைச் சுற்றி வருவார்கள். அவர் அந்த வெற்றிடங்களைப் பார்த்தபடி இருந்தார். பின், விளையாட்டை முன்பு சேமித்து வைத்திருந்த இடத்துக்குத் திரும்பிப் போய், தோணியைத் தள்ளிக்கொண்டு முதன்முறையாகப் படுவான்கரைக்குப் புறப்பட்டார். எந்த அறிவிப்பும் அவரை அனுப்பவில்லை.

குறைகளும் இருந்தன. மீனவ இளைஞர் தொடங்கியவுடனேயே, ஆழமில்லாத இடத்தில் யாரும் உட்கார்ந்து துடுப்பு வலிக்க மாட்டார்கள், நின்று கோலூன்றித்தான் தள்ளுவார்கள் என்றார். அவர் சொன்னபடி அசைவு திருத்தப்பட்டது. ஆனால் அவர் வெளியிட்ட வேறொரு செய்தி அதைவிடப் பெரிது. அவருக்கு வாசிப்பு மெதுவாகவே வரும். அம்புக்குறியை எடுத்தது மற்றவர்களுக்கு உலகத்தைத் திறந்தது, அவருக்கு மூடியது. முதற் சோதனையில் நாள் முழுதும் மகிழ்ந்திருந்தவர், இப்போது உரையாடல் பெட்டிகளுக்கு முன்னால் களைத்துப்போனார். வாவியை அங்கிருந்த எல்லோரையும்விட நன்கறிந்தவர் அவரே.

இதற்காக இரண்டு ஏற்பாடுகள் செய்யப்பட்டன. வழி சொல்லும் வசனங்கள் அனைத்தும் குரலில் பதிவாயின. எத்தனை தடவையும் திரும்பக் கேட்கலாம். அம்புக்குறியைத் திரும்பக் கொண்டுவராமல், தோணியின் அணியத்தில் அமரும் ஒரு சிறுவன் சேர்க்கப்பட்டான். கேட்டால் மட்டும் கையை நீட்டித் திசை காட்டுவான். சில வேளை, “எனக்கும் தெரியா அக்கா, அவங்கட்டக் கேப்பம்” என்பான். கண்டல் காட்டின் கால்வாய்களில் வழிதவறி விளையாட்டையே விட்டெழுந்த இன்னொருவருக்கும் இது உதவியது.

தம்பியின் முடிவு, இறுதிவரை விளையாடியவர்கள் அனைவருக்கும் ஏதோ ஒரு வழியில் எட்டியது. எந்த வழியில் எட்டியது என்பதைப் பொறுத்து அவர்கள் கதையைச் சொன்ன விதம் வேறுபட்டது. படகுக்காரரிடம் கேட்டவர்கள் அதை விபத்து என்றார்கள். சிறுமியின் பாட்டில் கேட்டவர்கள், அவன் அவளைக் கரையேற்றிவிட்டுத் திரும்பிப் போனான் என்றார்கள். இரண்டும் உண்மை. இருவகையினரும் அறைக்கு வெளியே நின்று நெடுநேரம் வாதிட்டனர். அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியை, தம் பழைய பிரதியைப் பற்றி அதன்பின் பேசவேயில்லை.

இன்றைய நிலையும் மாற்ற வேண்டியவையும்

விளையாட்டின் முதற் பாதி கணினிக்கான சோதனைப் பதிப்பாகத் தெரிந்தவர்களிடையே பகிரப்பட்டிருக்கிறது. பிற்பாதி வேலையில் இருக்கிறது. வசனங்களின் தொகை எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு பெருகியதே தாமதத்துக்குக் காரணம். ஆட்டக்காரர் எப்போது வந்தாலும் அறிந்து பேசும் பாத்திரம், ஒரு தடவை பேசும் பாத்திரத்தைப் போல மலிவாகக் கிடைப்பதில்லை. இம்முறையை எடுத்தாள விரும்பும் குழுக்கள் பாத்திரங்களின் தொகையை முதலிலேயே குறைத்துக்கொள்ள வேண்டும். குழுவும் பிற்பாதிக்குத் திட்டமிட்ட ஊர்களில் இரண்டை நீக்கிவிட்டது.

மீண்டும் தொடங்குவதானால், கதைப் பிரதிக்கு முன்பே நிலத்தை எழுதுவது என்று நால்வரும் ஒத்துக்கொள்கிறார்கள்: எந்த மாதத்தில் நீர் எங்கே நிற்கும், எந்தத் துறையில் யார் கடப்பார்கள், இரவில் எது எதுவரை கேட்கும் என்பவை முதலில். மெதுவாக வாசிப்பவர்களையும் வாவியில் தொழில் செய்பவர்களையும் முதற் சோதனையிலிருந்தே வைத்திருப்பது, அவர்கள் சொல்வதை முதலில் திருத்துவது என்பதும் முடிவாகியிருக்கிறது. குரல்களை நகரத்து இளைஞர்களைக் கொண்டு பதிந்ததை ஆசிரியை ஏற்கவில்லை. வழி சொல்லும் பேச்சில் படுவான்கரை முதியவர்களின் நடை வர வேண்டும் என்கிறார். போடியார், படகுக்காரர், மூதாட்டி ஆகிய மூவரின் வசனங்களும் அவ்வாறே மறுபடி பதியப்படுகின்றன. சூறாவளியை நேரில் கண்டவர்கள் சிலர் பதிவின்போது பிரதியை விட்டு விலகித் தம் சொந்த நினைவைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அப்பதிவுகளை அழிக்காமல், பேசியவரின் அனுமதி பெற்று, எந்த ஓலையோடும் தொடர்பில்லாத வீடுகளில் வைக்கக் குழு தீர்மானித்திருக்கிறது.